லீவு விட்டாச்சு, பிள்ளைகள் கைக்கு என்ன வேலை?

‘கோடை விடுமுறையில் பிள்ளைகள் செய்யக்கூடிய கைவேலைகள் பற்றிக் கேளுங்கள்’ என்று போன இதழில் அறிவித்திருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. அரசுப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருநெல்வேலியில் இருக்கிறேன். மே மாதம் பிறந்தால் மகள் வீட்டுப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை செய்கிற பொருள் ஓட வேண்டும், ஆட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஏதாவது ஒரு வேலைக்கு உதவ வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்கிற பொருளில் பிள்ளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் மனம் நிற்காது.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணிக்கே ‘போரடிக்குதும்மா’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் செல்போனைக் கொடுத்துத்தான் சமாளிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரமில்லை. – ஒரு வாசகி, சென்னை

பதில்: நாளுக்கு ஒரு கைவேலை என்று தேடாதீர்கள் அம்மா. பிள்ளைகளை விட உங்களைத்தான் அது முதலில் களைப்பாக்கும். ஒரு வாரம், பத்து நாள் இழுக்கிற மாதிரி ஒரே பெரிய வேலையாகக் கொடுங்கள். என்னைக் கேட்டால் பலசரக்குக் கடைதான். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வேண்டும். வீட்டுச் சாமான் விற்கிற கடையில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். முன்பக்கம் ஒரு ஜன்னலை மட்டும் நீங்கள் வெட்டிக் கொடுங்கள். மற்றதெல்லாம் அவர்கள் பாடு. பெயர்ப்பலகை எழுத வேண்டும், விலைப்பட்டியல் போட வேண்டும், செய்தித்தாளில் பை ஒட்ட வேண்டும், பணம் அச்சடிக்க வேண்டும், பில் புத்தகம் தைக்க வேண்டும். ஐந்து வயதுக்காரிக்கும் அதில் நிறைய வேலை இருக்கிறது.

கடை என்றால் தராசு இல்லாமல் முடியாது. ஒரு அடி நீளக் குச்சி, இரண்டு ஐஸ்கிரீம் கப், கொஞ்சம் நூல் போதும். கப்பின் விளிம்பை ஒட்டி மூன்று துளை போட்டு, மூன்று நூலையும் சேர்த்துக் குச்சியின் முனையில் கட்ட வேண்டும். இன்னொரு முனையிலும் அப்படியே. நடுவில் தூக்கிப் பிடிக்க ஒரு நூல். முதல் தடவை தூக்கும்போது அநேகமாக ஒரு பக்கம் சாயும். ‘நடுவுலதானே கட்டினோம்’ என்று இரண்டு பேரும் விழிப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் எழுந்து ஓடி வந்துவிடாதீர்கள். நடு நூலைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி, குச்சி நேராக நிற்கிற இடத்தை எட்டு வயதுப் பையன் தானே கண்டுபிடித்துவிடுவான். எடைக்கல்லுக்குப் புளியங்கொட்டை. ஒரு எலுமிச்சம்பழம் எத்தனை கொட்டை, ஒரு தக்காளி எத்தனை கொட்டை என்று நிறுக்க ஆரம்பித்தால் அன்றைய பகல் போய்விடும்.

பசையை வெளியில் வாங்க வேண்டாம். இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, சின்னத் தீயில் கிண்டுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

செல்போன் விஷயம். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ‘போய்க் கைவேலை செய்’ என்று சொன்னால் கைவேலை தண்டனையாகிவிடும். இரவு அவர்கள் தூங்கிய பிறகு பெட்டியையும் பசையையும் காகிதத்தையும் ஹாலில் ஒரு பழைய பெட்ஷீட் மேல் பரப்பி வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் கண்ணில் படட்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. காகிதப் பூ, வாழ்த்து அட்டை என்றால் திரும்பியும் பார்ப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போடுகிறான். – ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பிரித்துப் பார்க்கிற பையனுக்குக் கட்டுகிற வேலை கொடுங்கள் ஐயா. நீங்கள் தீப்பெட்டி ஊர்க்காரர், உங்களுக்குத் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை. மருந்து முக்காத வெறுங்குச்சி கிடைத்தால் ரொம்ப நல்லது. மருந்து உள்ள குச்சி என்றால் முனையை நீங்களே கிள்ளிப் போட்டுவிட்டுக் கொடுங்கள். சைக்கிள் கடையில் வால்வு டியூப் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், மெலிசாக இருக்குமே, அது. அதை விரல் நக நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும். ஒரு துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் மடங்குகிற மூட்டு கிடைத்துவிடும்.

மூன்று குச்சி, மூன்று மூட்டு, ஒரு முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு, ஒரு சதுரம். இரண்டையும் அவன் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் சரிந்து படுத்துவிடும். முக்கோணம் அசையாது. சதுரத்தை எப்படி நிற்க வைப்பது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குறுக்கே ஒரு குச்சி போட்டால் அது இரண்டு முக்கோணமாகி நிற்கும் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். அதற்குக் குறுக்குக் குச்சி கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், தென்னை ஈர்க்கை அளவு பார்த்து ஒடித்துக்கொள்ளலாம். மூன்று குச்சி சேருகிற மூட்டு வேண்டுமென்றால் டியூப் துண்டின் நடுவில் ஒரு முள்ளால் குத்தித் துளையிட்டு, மூன்றாவது குச்சியை அதில் செருக வேண்டும். அப்புறம் இரண்டு முக்கோணத்தை மூன்று குச்சியால் இணைத்தால் கூரை போட்ட கூடாரம் மாதிரி ஒன்று நிற்கும். பஸ்ஸில் போகும்போது மின்கம்பிக் கோபுரத்தைக் காட்டுங்கள். அதில் எத்தனை முக்கோணம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவான்.

இந்த வேலையை நாடு முழுக்கப் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்தவர். 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற திட்டத்தில் சேர்ந்து, கையில் கிடைத்த குச்சியையும் டியூபையும் வைத்தே பாடம் நடத்தினார். தூக்கிப் போடுகிற பொருட்களில் பொம்மை செய்வதை வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொம்மையை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பிள்ளைதான் நன்றாக விளையாடுகிற பிள்ளை என்பது அவருடைய கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனுக்கு என்ன கொடுக்கலாம்? – ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: சப்பாத்தி மாவு ஒரு உருண்டை. கிழிப்பதற்குப் பழைய செய்தித்தாள். உரிப்பதற்குப் பச்சைப் பட்டாணி, அதையும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மணி, பொத்தான், சோழி எதுவும் இந்த வயதில் கைக்கு எட்டக் கூடாது, மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ போய்விடும். பேசுகிற பொம்மை, விளக்கெரிகிற பொம்மைக்குள் இருக்கிற பட்டன் பேட்டரி இன்னும் ஆபத்து. விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் கோடைக் கைவினை வகுப்பு நடத்துகிறார்கள். பெட்டி பெட்டியாகப் பொருள் கொடுத்து, பிள்ளைகள் அழகழகாகச் செய்து கொண்டுவருகிறார்கள். கட்டணம் அதிகம். சேர்க்கலாமா, அல்லது வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லாம் அளவாக வெட்டி, துளை போட்டு, பின்பக்கம் பசை தடவி வந்திருந்தால், கஷ்டமான வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது தாளை உரித்து ஒட்டுவது மட்டும்தான். வகுப்பிலிருந்து வருகிற இருபது பிள்ளைகளும் ஒரே மாதிரி பொம்மையோடு வந்தால் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு பொருள், அதுவும் கோணலும் மாணலுமாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அங்கே யாரோ நல்ல ஆசிரியர் இருக்கிறார்.

வீட்டில் என்றால் காகிதக்கூழ்க் கிண்ணம் செய்யுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். புது முறம் வாங்கினால் இடுக்கு அடைபட வெந்தயமும் காகிதமும் அரைத்துப் பூசுவார்களே, அதே கூழ். வெயில் கொளுத்துகிற மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. மழைக்காலத்தில் செய்தால் பூசணம் பிடித்துவிடும். இப்போது மாடியில் வடகம் காயப் போட்டிருப்பீர்கள், அதற்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு இடம் கொடுங்கள்.

செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். கிழித்தால் ஓரம் நார் நாராக வரும், அந்த நார்தான் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு சின்னதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நல்லது. ஒரு வாளியில் முங்க முங்கத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊற விடுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறப் போடுங்கள். மூன்றாம் நாள் காகிதத்தைப் பிழிந்து எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிறையத் தண்ணீரோடு மிக்ஸியில் ஓட்டுங்கள். மிக்ஸி வேலை மட்டும் பெரியவர்களுடையது. அம்மி இருந்தால் பிள்ளைகளே அரைக்கலாம், அதில் அவர்களுக்குத் தனி ஆனந்தம். வெந்தயத்தை வழவழவென்று அரைத்துக்கொண்டு, காகிதத்தை மறுபடி ஒட்டப் பிழிந்து, இரண்டையும் சேர்த்துப் பிசையச் சொல்லுங்கள். இங்கேதான் நேரம் கொடுக்க வேண்டும். முதலில் திரித்திரியாக உதிரும். பிசையப் பிசைய வெந்தயத்தின் வழுவழுப்பு ஏறிச் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். விரலால் குத்தினால் குழி அப்படியே நிற்கும். அதுதான் பதம்.

எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, கூழை அடியிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டிக்கொண்டே வர வேண்டும். அடை தட்டுகிற கனம் போதும். விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும், அங்கேதான் முதலில் விரிசல் விடும். முதல் நாள் அப்படியே வெயிலில் வையுங்கள். பாதி காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டு நிமிர்த்தி வைத்தால் உள்பக்கமும் காயும். முழுக்கக் காய்ந்தபின் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். மேலே வெள்ளைத்தாள் ஒட்டி, விருப்பம்போல வண்ணம் பூசட்டும். வெங்காயம், பூண்டு, சாவிக்கொத்து, சில்லறை எதை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். அச்சு மை இருக்கிறது, அதனால் தின்பண்டத்தை நேரடியாக வைக்க வேண்டாம். உங்கள் பிள்ளை செய்த கிண்ணத்தில் நாளைக்கே பூண்டு போட்டு வையுங்கள். சமைக்கும்போது ‘அந்தக் கிண்ணத்தை எடுத்துட்டு வா’ என்று அவனிடமே கேளுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: கத்தரிக்கோலை எந்த வயதில் கொடுக்கலாம்? – ஒரு வாசகி, கடலூர்

பதில்: நான்கு வயதிலேயே கொடுக்கலாம், முனை மழுங்கிய சின்னக் கத்தரி. ஆனால் கூர்மை இருக்க வேண்டும். வெட்டாத கத்தரியைத்தான் பிள்ளைகள் முறுக்கி, அழுத்தி, விரலை நசுக்கிக்கொள்வார்கள். உட்கார்ந்து வெட்ட வேண்டும், கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. இந்த இரண்டு விதி போதும். கட்டர் பிளேடும், ஒரு சொட்டில் ஒட்டிக்கொள்கிற பசையும் பெரியவர்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். அந்தப் பசை கண்ணில் தெறித்தால் பெரிய வம்பு.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டு அக்கா ஒயர் கூடை பின்னுவதைப் பார்த்துத் தானும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். உறவினர்கள் ‘பொம்பளைப் பிள்ளை வேலை’ என்று கேலி செய்கிறார்கள். அவன் முகம் வாடிப்போகிறது. – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே பவானி இருக்கிறது. அங்கே ஜமக்காளத் தறியில் உட்கார்ந்திருக்கிற ஆண்களை அந்த உறவினர்களுக்குக் காட்டுங்கள். கடற்கரையில் வலை பின்னிக் கிழிசல் தைப்பது யார்? கட்டில் கயிறு பின்னியது யார்? கைக்கு ஆண் பெண் கிடையாது. பையனை இன்றைக்கே அந்த அக்காவிடம் அனுப்புங்கள்.

முதலிலேயே பெரிய கூடையில் இறங்கினால் அடிப்பாகம் முடிவதற்குள் சலித்துவிடும். செல்போன் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பை, சாதா முடிச்சில். அதில் கை பழகட்டும். முடிச்சை எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் போட வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு வரிசை தளர்ந்தால் பை கோணும். அது வந்துவிட்டால் அப்புறம் நெல்லிக்காய், சிவன் கண் என்கிற பின்னல்களெல்லாம் போடலாம். இரண்டு நிற ஒயர் கொடுத்தால், எந்த நிறம் எங்கே வரும் என்று கட்டம் போட்ட நோட்டில் முதலில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். கணக்கில் ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். முதல் பை முடிந்ததும் கேலி செய்த மாமாவுக்கே அதைக் கொடுக்கட்டும். மாமாவும் அதை வாங்கி நாலு பேருக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: குன்றிமணி நிறையக் கிடைக்கிறது. பிள்ளைகள் மாலை கோக்கலாமா? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற அதே மணிதான், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உள்ளே இருப்பது கடுமையான விஷம். ஓடு கெட்டியாக இருக்கிறவரை விஷம் வெளியே வராது. கோப்பதற்காக ஊசியால் துளைத்தாலோ, பிள்ளை வாயில் போட்டுக் கடித்தாலோ உயிருக்கே ஆபத்து. சிவப்பு மணிதான் வேண்டுமென்றால் மஞ்சாடி மரத்து விதை இருக்கிறது, முழுச் சிவப்பாக, கறுப்புப் பொட்டு இல்லாமல் இருக்கும். அதையும் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று. விளையாட்டுக்குப் பூப் பறிக்கிற பிள்ளைகளிடம் அரளியையும் எருக்கையும் காட்டித் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கேள்வி: ஆச்சி, நான் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். எங்கள் ஊர்த் தலையாட்டி பொம்மை மாதிரி நானே செய்ய முடியுமா? – பத்து வயது வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும் கண்ணு. அம்மாவிடம் ஒரு முட்டை கேள். கூரான பக்கத்தில் மட்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு உடைத்து, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்குக் கொடுத்துவிடு. ஓட்டை சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, ஒரு நாள் காய விடு. முட்டை வாங்காத வீடு என்றால் இரண்டாகப் பிரிகிற பிளாஸ்டிக் பந்து போதும்.

இப்போது ஒரு நெல்லிக்காய் அளவு களிமண்ணை உள்ளே போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் அடியில் நன்றாக அழுத்து. களிமண் சரியாக நடு அடியில் உட்கார வேண்டும், ஓரமாகப் போனால் பொம்மை சாய்ந்தே நிற்கும். ஒரு டம்ளரில் அரிசி நிரப்பி அதில் முட்டையை நிமிர்த்தி வைத்து, களிமண் காய்கிறவரை தொடாதே. இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொம்மைக்கு என்ன முகம் என்று தாளில் வரைந்து வை. காய்ந்ததும் முகம் எழுதி, ஓட்டை இருக்கிற பக்கத்துக்குக் காகிதத்தில் கூம்பு மாதிரி தொப்பி செய்து ஒட்டிவிடு. தள்ளிப் பார், விழுந்து விழுந்து எழுந்திருக்கும். கனமெல்லாம் அடியில் இருப்பதால்தான் அப்படி. தொப்பிக்கு மேல் ஒரு ரூபாய்க் காசு ஒட்டினால் என்ன ஆகும்? செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. உங்கள் ஊரில் பொம்மைக்காரர்கள் காகிதக்கூழும் களிமண்ணும் வைத்து அடியைக் கனமாகச் செய்கிறார்கள். தாத்தாவோடு போய்க் கிட்ட நின்று பார்.

கேள்வி: எதையும் பாதியில் விட்டுவிடுகிறாள். திட்டினால் அழுகிறாள். – ஒரு வாசகர், வேலூர்

பதில்: விடட்டும். பாதிப் பொருளைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். நீங்கள் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். அவள் கைக்கு வராததை நீங்கள் ஐந்தே நிமிடத்தில் அழகாக முடித்து நீட்டினால், அடுத்ததைத் தொடங்கவே மாட்டாள்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். எங்களிடம் பனைமரமும் நுங்கும்தான் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா? – ஒரு வாசகர், உடன்குடி

பதில்: அண்ணாச்சி, கருப்பட்டி ஊரில் பனையை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது பெரிய செல்வம்.

முதல் நாள் நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டித் தின்ற இரண்டு காய்களை எடுத்து, நடுவில் துளைத்து, ஒரு முழக் குச்சியை அச்சாகச் செருகுங்கள். நீளமான கவட்டைக் கம்பை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான். துளை போடுவது உங்கள் வேலை, தள்ளுவது அவர்கள் வேலை. இரண்டு காயும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே சுற்றும். ஏன் சுற்றுகிறது என்று சண்டை வரும். வரட்டும். அவர்களே தோப்பில் தேடி ஜோடிக்காய் எடுத்து வருவார்கள்.

மறுநாள் ஓலைக் காத்தாடி. பச்சைக் குருத்தோலையில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பட்டை. ஒன்றை ஒன்றில் குறுக்காகச் செருகி, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் ஏற்றிவிட்டால் முடிந்தது. முள் இறுகலாக இருந்தால் சுற்றாது, ரொம்ப லூசாக இருந்தால் கழன்றுவிடும். அதைச் சரிபார்க்கிற பக்குவத்தை உங்கள் கையைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழலில் உட்கார வைத்துச் செய்ய வையுங்கள். ஓடுகிறதெல்லாம் சாயங்காலம், கடல்காற்று வந்த பிறகு.

கேள்வி: நானும் தங்கையும் படம் வரைவோம். கலர் தீர்ந்துவிட்டது, அப்பா ஜூனில்தான் வாங்கித் தருவாராம். – பன்னிரண்டு வயது வாசகி, திருச்சி

பதில்: அடுப்படிக்குப் போங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத்தாள் முழுக்கப் பூசி நிழலில் காய வையுங்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் வரைந்தால் கோடெல்லாம் சிவப்பாக வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் மறுபடியும் மஞ்சள். சுண்ணாம்பிலும் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, சோப்பே போதும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். அந்த நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். வெந்நீரை அம்மா ஊற்றித் தரட்டும். காம்புப் பக்கம் நறுக்கிய வெண்டைக்காயை வண்ணத்தில் தொட்டு அச்சு வைத்தால் பூப்பூவாக விழும், தாளின் ஓரத்துக்கு நல்ல கரை. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் படத்தை ஜன்னலோரம் ஒட்டாதீர்கள்.

கேள்வி: பழைய நூல் சேலைகள் நிறைய இருக்கின்றன. பத்து, பதிமூன்று வயதுப் பேத்திகளை வைத்து ஏதாவது செய்யலாமா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கால்மிதி செய்யுங்கள் ஆச்சி. மூன்று விரல் அகலத்துக்குச் சேலையை நீளவாக்கில் கிழிக்க வேண்டும். ஆரம்பத்தில் கத்தரியால் ஒரு வெட்டு விட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் சர்ரென்று கிழியும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் அடித்துக்கொண்டு வருவார்கள். மூன்று பட்டையை முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, சடை பின்னுகிற மாதிரி பின்னிக்கொண்டே போக வேண்டும். பட்டை தீர்ந்தால் அடுத்ததை வைத்துத் தைத்து நீட்டலாம். மூன்றும் ஒரே இடத்தில் தீராதபடி நீளத்தை முன்பின்னாக வைத்துக்கொண்டால் ஒட்டுப்போட்ட இடம் தடிக்காது.

நீளமாகப் பின்னியதைத் தரையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே, பக்கத்துச் சுற்றோடு சேர்த்துத் தடித்த நூலால் தைக்க வேண்டும். கையில் தூக்கி வைத்துத் தைத்தால் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும், அதனால் தரையை விட்டு எடுக்கவே கூடாது. வளைவில் சுற்றை இழுக்காமல் கொஞ்சம் தளர விட்டால் தட்டையாக உட்காரும். சின்னவள் பின்னட்டும், பெரியவள் தைக்கட்டும், நடுவில் மாற்றிக்கொள்ளட்டும். எந்தச் சேலை யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால் வேலையும் நடக்கும், கதையும் நடக்கும். முதல் கால்மிதியை வாசலில் போட வேண்டாம், குளியலறைப் பக்கம் போடுங்கள். நூல் சேலை ஈரத்தை நன்றாக உறிஞ்சும். வாரத்துக்கு ஒரு தடவை அலசிக் காயப் போட்டால் அடுத்த கோடைவரை உழைக்கும்.